கடைசியாக எழுதிய விதி

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் பத்ரிநாத் ஒரு பெருந்தீர்மானம் எடுத்தார். இனி இந்த வீட்டில் யாரும் அழக் கூடாது.

'யாரும்' என்றால் மனைவி அலர்மேல்மங்கைதான். மகள் ஸ்ரீவர்ஷினி போன வருடம், ஒன்பது வயதில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அழுவதற்கு வேறு ஆள் இல்லை. பத்ரிநாத் அழுவதில்லை, அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பங்களின் விவரக் கையேட்டைச் சங்கத்துக்காகக் கணினியில் தொகுக்கும் பொறுப்பு அவருடையது. மனைவி விவரங்களைத் தட்டச்சு செய்தாள். எந்த விவரம் பக்கத்தில் எப்படி வரவேண்டும் என்று எக்ஸ்எஸ்எல்டி என்ற கணினி மொழியில் விதிகளை அவர் எழுதினார்.

"அப்படி என்னங்க விதி?"

"யார் வந்தாலும் காபின்னு ஒண்ணு. சம்பந்தி வந்தா கேசரின்னு ஒண்ணு. சம்பந்தி வந்துட்டாரு, எது செல்லும்?"

"கேசரி. இதுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?"

"குறிப்பாச் சொன்னது பொதுவாச் சொன்னதை ஜெயிக்கும்."

"ரெண்டும் குறிப்பா இருந்தா?"

"கடைசியா எழுதினது."

"நம்ம வீடு மாதிரிதான். விதியே எழுதலேன்னா?"

"உள்ள இருக்கிறது அப்படியே வெளிய கொட்டிரும். சும்மா இருக்கணும்னா, அதுக்கும் வெறுமையா ஒரு விதி எழுதணும்."

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப எழுதிட்டீக."

எழுதித்தான் இருந்தார். 'மறைந்தவர்' என்ற குறிப்புள்ள யாரும் அச்சில் வரக் கூடாது.

"பாப்பா பேரு வராதாக்கும்?"

"சங்கத்து முடிவு."

சங்கம் அப்படி எதையும் முடிவு செய்யவில்லை. அலர்மேல்மங்கை மறுபேச்சின்றிக் காபி போடப் போனாள். பதினான்கு வருட இல்லறத்தில் முதன்முறையாக ஜெயித்துவிட்டதாக பத்ரிநாத் நம்பினார்.

மூன்றாம் நாள், அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பக்கங்களைச் சரிபார்த்தார். மறைந்தவர் ஒருவரும் இல்லை. தம் குடும்பத்துக்கு வந்தார். பத்ரிநாத். அலர்மேல்மங்கை. அதன் கீழே: ஸ்ரீவர்ஷினி, நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவு, தோசையில் முறுகல் ஓரம் மட்டும் தின்பவள்.

"அலமேலு! என் விதியை மாத்தினியா?"

"உங்க விதியை யாரு தொட்டா? அது இருந்த இடத்துலதான் இருக்கு. கீழ பாப்பாவுக்குன்னு ஒண்ணு சேர்த்தேன். கடைசியா எழுதினது செல்லும்னு நீங்கதான சொன்னீக."

பத்ரிநாத் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். விதிக்கு முன்னுரிமை எண் கொடுக்கலாம். எண் பெரிதானால் எங்கே எழுதினாலும் அதுதான் செல்லும். இதை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. கோப்பைத் திறந்தார். அவளுடைய விதியில் எண் ஏற்கெனவே இருந்தது. ஒன்பது.

"உங்களை நம்ப முடியாதுல்ல," என்றாள் அடுக்களையிலிருந்து. "உங்க கம்ப்யூட்டர் தடிப் புஸ்தகத்தையும் படிச்சுட்டேன்."

தம் விதிக்குப் பத்து என்று போட்டால் தீர்ந்தது. பத்ரிநாத் விசைப்பலகையில் கை வைத்தார். ஒன்று, சுழி, இரண்டே விசைகள். ஆனால் அந்த வீட்டில் ஒன்பதுக்குப் பிறகு பத்து வரவே இல்லை.

வெகுநேரம் கழித்துக் காபியோடு வந்த அலர்மேல்மங்கை, தம்ளரை மேசையில் வைத்துவிட்டு முந்தானையை நீட்டினாள்.

"துடைச்சுக்கங்க. இந்த வீட்டுல யாரும் அழக் கூடாதாம்."