ஆறு மணிக்கு யார் படுத்திருந்தார்கள்?

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு, நோட்டைப் பிரித்து உட்கார்ந்ததும் வீட்டில் பீதி கிளம்பியது.

டச்சு வகுப்பின் வீட்டுப்பாடம் அது. "நேற்று மாலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" நாளைக்குக் காட்ட வேண்டும், நாளைக்கு இன்றுதானே நேற்று. உட்கார்ந்து செய்தாரா, நின்று செய்தாரா, படுத்துக்கொண்டா என்பதையும் அந்த மொழிக்காரர்கள் சேர்த்துச் சொல்வார்களாம். மூன்றிலும் ஒரு வாக்கியம் வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை வெறும் நோட்டை நீட்டியாயிற்று. இந்த முறையும் நீட்டினால் பேரை அடித்துவிடுவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

வீட்டில் வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. வகுப்பிலேயே தான்தான் முதல், தனக்கு வீட்டுப்பாடமே கிடையாது என்று ஆறு மாதமாக அளந்து வைத்திருந்தார்.

நாள் முழுக்க சோபாவை விட்டு இறங்காத மச்சினன், நோட்டைப் பார்த்ததும் எழுந்து அலமாரியைத் துடைத்தான். மாமியார் டிவியை அணைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

"அத்தை, நீங்க எப்பவும் போல உட்காருங்க."

"உட்கார்ந்து தின்னுறேன்னு குத்திக் காட்டுறீங்களா மாப்பிள்ளை?"

மெக்கானிக் மச்சினன் பக்கம் திரும்பினார். "நீயாவது கொஞ்சம் படுத்துக்கோயேன்டா."

"நான் எப்ப மாமா படுத்தேன்? பழி போடாதீங்க."

தினமும் காலையில் கைப்பையோடு வாக்கிங் போய் வரும் மனைவி, காய் நறுக்கியபடியே சொன்னாள்: "படுத்துடுடா தம்பி. ஒருத்தராவது படுத்தாத்தான் அவருக்கு நல்லது."

இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. மணி ஆறாக ஐந்து நிமிடம். வேறு வழியில்லாமல் தானே சோபாவில் படுத்தார். பகலெல்லாம் நாலு ஃப்ரிட்ஜ் தூக்கிய உடம்பு. நோட்டை நெஞ்சில் வைத்ததுதான் தெரியும். விழித்தபோது எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

மறுநாள் மாலை மூன்றாவது முறையாக வெறும் நோட்டை நீட்டினார்.

டீச்சர் பேனாவை எடுத்தார். ஆனால் பேரை அடிக்காமல் வேறொரு தாளைப் பிரித்தார்.

"காலை வகுப்புல ஒரு அம்மா எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க: 'ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் நோட்டை நெஞ்சுல வெச்சுக்கிட்டுப் படுத்துத் தூங்கிட்டிருந்தாரு. வகுப்புல தான்தான் முதல்னு ஆறு மாசமா சொல்லிட்டிருந்தாரு. நாங்களும் நம்புற மாதிரி நடிச்சிட்டிருந்தோம்.'"