லண்டன் வழி பெண்ணாடம்

படித்த படிப்பு சில பேருக்கு வேலை வாங்கித் தரும். எனக்கு அது மானத்தை வாங்கியது. நான் எம்.காம். முடித்தவள், அதுவும் செலவுக் கணக்கியலில் வகுப்பிலேயே முதல் மார்க். அந்தத் திமிரில்தான் சிதம்பரத்திலிருந்து லண்டன் வரை மோட்டார் சைக்கிளில் போக பட்ஜெட் போட்டேன். அந்தப் பயணம் எங்கே போய் நின்றது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அது 2007. கல்யாணமாகி நாலு மாதம். என் வீட்டுக்காரர் இளங்கோ ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். அண்ணாமலை நகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். மனிதருக்கு ஹாஸ்டல் நாளிலிருந்து ஒரே ஆசை. சொந்த பைக்கில் கிளம்பி பாகிஸ்தான், ஈரான், துருக்கி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து லண்டனில் போய் ஸ்டாண்டு போட வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தனியாகப் பேச எங்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "பைக்ல பின்னாடி எவ்ளோ நேரம் ஒக்காருவீங்க?" என்று கேட்டார். (நானும் வெட்கமில்லாமல் "நாள் பூரா" என்றேன்.) அந்தக் கேள்விக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

ஆசை அவருடையது, கணக்கு என்னுடையது. இரண்டு மாதம் உட்கார்ந்து போட்டேன். விசா, கப்பல் கட்டணம், டயர், செயின், இன்சூரன்ஸ், இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்றுவிட மாட்டோம் என்று ஒவ்வொரு எல்லையிலும் காட்ட வேண்டிய சுங்கப் பத்திரம், அதற்குக் கட்ட வேண்டிய முன்பணம், துருக்கியில் ஜுரம் வந்தால் மாத்திரைக்கு, ஜெர்மனியில் மழை வந்தால் லாட்ஜுக்கு. சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சத்துமாவு. எல்லாம் போக, 'எதிர்பாராத செலவு' என்று ஒரு தலைப்பு. அப்படி ஒரு தலைப்பு போட்டதில் எனக்கு ஏக பெருமை.

பணம் வர வேண்டிய இடம் கடலூர். என் மாமனார் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மஞ்சக்குப்பத்தில் வீடு. பிள்ளைக்கென்று பக்கத்துத் தெருவில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அதை விற்றால்தான் லண்டன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், சங்கரா மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு பட்ஜெட்டை அவர் முன்னால் வைத்தேன். மருமகள் சாமர்த்தியசாலி என்று அந்த வீட்டில் பேரெடுக்க வேண்டும் என்ற வெறியும் எனக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"எதிர்பாராத செலவுன்னு போட்டுருக்கியே, அது இன்னாம்மா?"

"எதிர்பாராததுதான் மாமா. அது இன்னான்னு இப்பவே எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான். எதிர்பாத்த செலவையெல்லாம் எழுதிட்டியா?"

"ஒண்ணு விடலை மாமா."

"அப்பச் சரி" என்று கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ஒத்திகை பாத்துடுங்க. கொல்லிமலைக்குப் போய்ட்டு மூணு நாள்ல திரும்பி வாங்க. ரெண்டு பேரும் உன் கணக்குப்படிதான் செலவு பண்ணணும். யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கக் கூடாது. நடந்துச்சுன்னா மனைய வித்துத் தரேன். நடக்கலைன்னா அந்த மனையில வீட்டக் கட்டிக்கிட்டுப் பேசாம இருங்க."

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈரான் மலைகளுக்கே தயாராகிறவர்களுக்குக் கொல்லிமலை ஒரு மலையா? திரும்பி வரும் வழியெல்லாம் ஹேண்டில்பாரில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். வழியில் எந்தெந்த ஊர் என்று மாமா பிறகு போனில் விசாரித்தார். புவனகிரி, சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம், பெண்ணாடம், திட்டக்குடி என்று நானே ஒப்பித்தேன். (என் வாயாலேயே!)

பட்ஜெட்டில் ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று நாளுக்கான பணத்தை ஒரு கவரில் போட்டு, ஏ.டி.எம். கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, விடிய ஐந்தரைக்குக் கிளம்பினோம். புவனகிரிக்குள் நுழைந்தோம். அங்கே நட்டநடு ரோட்டில் ஒருத்தர் துண்டை வீசிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரரின் சித்தப்பா.

"எங்க ஊர் வழியா போறீங்க, எங்க ஊட்டுக்கு வராமப் போவீங்களா? கல்யாணம் ஆனதுலேர்ந்து விருந்துக்கே வரலையே நீங்க!"

புதுப் பெண் மாப்பிள்ளை. மறுக்க முடியுமா? ஒரு காபி குடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று இவர் வண்டியைத் திருப்பினார். அப்போது இந்தச் செலவுக் கணக்கியல் மேதை என்ன செய்தாள் தெரியுமா? அவர் முதுகில் ஒரு குத்து.

"வெறுங்கையோட எப்படிங்க உள்ள போறது? கடை தொறந்திருக்கா பாருங்க."

ஆப்பிள், சாத்துக்குடி, பிஸ்கட், சித்திக்கு ரெண்டு முழம் மல்லி. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு கணம் திகைத்து, 'எதிர்பாராத செலவு' என்று எழுதினேன். இட்லி, வடை, கேசரி முடித்துக் கிளம்ப மணி பத்தரை. வாசலில் சித்தப்பா வெற்றிலை பாக்கோடு நூற்றியொரு ரூபாயை நீட்டினார். ஒரு பைசா வாங்கக் கூடாதே! கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சித்தி முகம் வாடிவிட்டது. "எங்க பணம் கசக்குதாம்மா?" என்றார். பதறிப்போய், "பணம் வேணாம் சித்தி, வேற எதுனா குடுங்க" என்று உளறினேன். உள்ளே போய்த் தன் சீர்வரிசையில் வந்த குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

லண்டன் போகிற வண்டியில் குத்துவிளக்கைக் கட்டிக்கொண்டு சேத்தியாத்தோப்பு வந்தோம். பாலத்து முனையில் இன்னொருத்தர் நின்றார். என் வீட்டுக்காரரின் அக்கா புருஷன்.

"வாங்க மச்சான், வாங்க! கோழி இப்பதான் அடிச்சிருக்கு."

நாங்கள் வருவது அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இனிப்புக் கடை எங்கே இருக்கிறது என்றுதான் தேடினேன். அக்கா குழந்தைகள் மூன்று பேர். ஒரு குழந்தைக்கு வாங்கி இன்னொன்றுக்கு வாங்காமல் இருக்க முடியுமா? எதிர்பாராத செலவு தீர்ந்துபோய், மாத்திரைக் காசில் கை வைத்தேன். துருக்கியில் வரவேண்டிய ஜுரம் சேத்தியாத்தோப்பில் மைசூர்பாகாகப் போனது. கோழிக் குழம்பு தயாராகும்போது மணி மூன்று. தின்ற தீனியில் இவருக்குக் கண் சொக்கியது. எழுந்தால் ராகுகாலம். "ராத்திரியில லாரிங்க ஜாஸ்தி மச்சான், காலையில போலாம்" என்று அவர் சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டார்.

மறுநாள் எங்கள் வண்டியில் குத்துவிளக்கோடு ஒரு பித்தளைக் குடமும், அரை மூட்டை பொன்னி அரிசியும் சேர்ந்தன. இவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இனிமே எவன் நின்னாலும் நிறுத்த மாட்டேன். ஹெல்மெட்டக் கழட்டாத. மூஞ்சி தெரிஞ்சாத்தான கூப்புடுவாங்க."

"குத்துவிளக்கு தெரியுமேங்க."

முறுக்கினார் வண்டியை. விருத்தாசலத்தைத் திருடன் மாதிரி தாண்டினோம். பெண்ணாடம் வந்தது. கரும்பு ஏற்றிய லாரி ஒன்றின் மறைவிலேயே ஊரைக் கடந்துவிடலாம் என்று அதன் பின்னாலேயே போனோம். லாரி சர்க்கரை ஆலைப் பக்கம் திரும்பியது. திரும்பியதும் எதிரே பெரியத்தை நின்றார். என் மாமியாரின் அக்கா. கையில் ஆரத்தித் தட்டு!

நடுரோட்டில், லோடு வண்டிக்காரர்கள் எல்லாரும் பார்க்க, ஹெல்மெட்டோடு எங்களுக்கு ஆரத்தி எடுத்தார். தட்டில் காசு போட வேண்டுமே. கவரில் கைவிட்டேன். ஒரே ஒரு ஐம்பது ரூபாய்த் தாள் இருந்தது. போட்டேன். அதோடு கவர் காலி. பெட்ரோல் முள் சிவப்பில். வெறுங்கையோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரெண்டு மாதம் கண்விழித்துப் போட்ட பட்ஜெட், கடலூர் மாவட்ட எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

இவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எத்தனை வருடத்து ஆசை! அதை நான் பழக்கடையிலும் பூக்கடையிலும் விற்றுவிட்டேன். அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா... பெட்ரோலுக்குக் காசு இல்ல மாமா."

"எங்கம்மா இருக்கீங்க, கொல்லிமலையா?"

"பெண்ணாடம் மாமா."

அந்தப் பக்கம் ஒரு செருமல். "இரு, வரேன்" என்று வைத்துவிட்டார்.

மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினால், பெரியத்தை அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா அழுவுற? ஒங்க மாமனார் முந்தாநாளே போன் பண்ணிட்டாரே. 'புள்ளைங்க அந்த வழியாத்தான் வருது, சாப்புடாம உட்டுடாதீங்க'ன்னு. புவனகிரிக்கும் சேத்தியாத்தோப்புக்கும்கூடச் சொல்லிட்டேன்னாரு. திட்டக்குடியில இன்னும் ரெண்டு வீடு காத்துக்கெடக்கு."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையிலிருந்து இவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பெரியத்தையை மறுபடி சொல்லச் சொன்னேன். இவர் கேட்டார். வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு குத்துவிளக்கைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், அரிசி மூட்டையைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. பாதித் தண்ணீர் சிரிப்பினால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

சாயங்கால பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். நான் வாசலிலேயே மடக்கினேன்.

"மாமா, இது நியாயமா? வேணாம்னா நேராச் சொல்லியிருக்கலாமே!"

"நான் எங்கம்மா வேணாம்னு சொன்னேன்? சாப்புட்டுப் போங்கன்னுதான சொன்னேன்!" என்றார் அந்தப் பாவி மனிதர். பிறகு கையிலிருந்த பையை என்னிடம் நீட்டினார். ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே மல்லிப்பூ. "நீ வெறுங்கையோட வந்திருப்பேன்னு தெரியும். உள்ள கொண்டுபோயி உன் கையால குடு. நான் வாங்கினேன்னு சொல்லாத."

அந்த இடத்தில் என் கோபம் என்னை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது. பாழாய்ப்போன கோபம், கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா? பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மாமா தன் பிள்ளையின் தோளில் கை வைத்து, "அந்தத் தூரத்துக்கு நீ போய்ட்டா எனக்குத் தூக்கம் வராதுடா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. இவர் அதிரசத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்த மனையில் வீடு கட்டினோம். புவனகிரிக் குத்துவிளக்குதான் அந்த வீட்டுப் பூஜையறையில் எரிகிறது. எங்கள் குடும்பத்தில் பெண்ணாடத்துக்குப் பெண்ணாடம் என்ற பெயரே இல்லை. அன்றிலிருந்து அது லண்டன்தான். "லண்டன்ல கரும்பு வெட்டு ஆரம்பிச்சாச்சா?" என்று மாமா போனில் சத்தமாகக் கேட்பார். வீட்டில் யார் எந்தக் கணக்குப் போட்டாலும், "பழம் சேத்துக்கிட்டியா?" என்று ஒரு குரல் வரும்.

ஒருநாள் எங்கள் பெண்ணின் ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாப்பா கிளாஸ்ல ரொம்பப் பொய் சொல்றா மேடம். லீவுக்கெல்லாம் லண்டனுக்குத்தான் போவாளாம். பஸ்ஸிலயே போவாளாம். அங்க இன்னா பாத்தேன்னு கேட்டா, கரும்பு லாரியாம்."

"பொய் இல்ல மேடம்" என்றேன். "எங்க பெரியத்தை அங்கதான் இருக்காங்க."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையை என்னால் இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது. வெளியே இவர் அதே பைக்கில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். வண்டியைக் கிளப்பியவர் ஒரு நிமிடம் சும்மா உறும விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பொங்கலுக்குப் போலாமா, லண்டனுக்கு?"

"போலாங்க" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "போற வழியில பழம் வாங்கிக்கலாம்."