ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பாட்டிலில் பத்து மாத்திரை இருக்க வேண்டும். எட்டுதான் இருந்தது.

தையற்காரர் மறுபடி எண்ணினார். எட்டுதான்.

அவருக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். நாற்பது கிலோ போய்விட்டது. எலும்பும் போய்விடக் கூடாதே என்று டாக்டர் வைட்டமின் டி எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் ஒன்று. கூடினால் விஷம். மருந்துச் சீட்டைத் தையற்காரர் தன் மாமனாரின் கட்டிலருகே உட்கார்ந்து உரக்கப் படித்திருந்தார்: எலும்புக்கு உறுதி, கால்களுக்குப் பலம். இரண்டு வருடமாக எழுந்து நிற்காத மாமனார் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"பசியில என்ன திங்கிறோம்னே தெரியாம தின்னிருப்பீங்க," என்றாள் மனைவி. ஆபரேஷனுக்கு முன்பு, பூட்டிய அலமாரியிலிருந்தே பிஸ்கட் எடுத்துத் தின்றவர் அவர்.

மாமனாரின் மருந்துத் தட்டிலேயே வைத்திருந்த தன் பாட்டிலைச் சமையலறை மேல்தட்டுக்கு மாற்றினார். அடுத்த ஞாயிறும் கணக்கில் ஒன்று குறைந்திருந்தது. மாடிக்குக் கொண்டுபோய்த் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்தார். அங்கும் ஒன்று குறைந்தது.

"நான் எடுக்கலை."

"நானும் எடுக்கலை. இந்த வீட்டுல நடமாடுறது நாம ரெண்டு பேருதான்."

துணியில் கோடு போடும் சாக்கட்டியைப் பொடித்து மாடிப்படியில் தூவிவிட்டு இருவரும் வெளியே நடக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது படிகளில் பாதங்கள். ஒன்று அழுந்தப் பதிந்திருந்தது. இன்னொன்று இழுபட்டிருந்தது.

தன் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அவர் கால் அரை விரற்கடை சிறியது. மனைவி எங்கிருந்தோ, ஆபரேஷனுக்கு முன் அவர் போட்டிருந்த பழைய செருப்பை எடுத்துவந்து வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"உங்க பழைய காலுங்க," என்றாள், மெதுவாக.

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது கிலோ. எங்கே போனது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. போனது பசியோடு போயிருக்கும்; பசித்தால் திரும்பி வரும்.

"ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்," என்றாள். "டி எக்கச்சக்கமா ஏறியிருந்தா தின்னது நீங்கதான்."

"இல்லன்னா?"

 அன்றிலிருந்து அவள் இரவில் கூடத்து விளக்கை அணைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை லேப்காரர் பையோடு தையலறை வாசலில் வந்து நின்றார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசற்கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுத்தான் இருவரும் மேலே வந்திருந்தார்கள்.

லேப்காரர் தையற்காரரின் கையில் பட்டையை இறுக்கினார். ஊசியை எடுத்தவர், ஏதோ நினைவு வந்ததுபோல் நிமிர்ந்தார்.

"கதவு திறந்துவிட்ட பெரியவரு, காலு இப்பத்தான் தேறிவருது, தனக்கும் டி பாக்கணும்ங்கிறாரு. அவருக்கும் சேத்து எடுத்துடவா?"