கழற்றி மாட்டும் இருக்கையும் துறையில் தேர்ந்த ஆளும்

காப்புரிமை அலுவலகத்தில் குழந்தைத் தள்ளுவண்டிகளைப் பரிசோதிக்கும் மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் சௌக்கியம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் மேசையில் வரிசையாகக் காத்துக் கிடக்கும் மற்ற விண்ணப்பக்காரர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். என் மகனுடைய தள்ளுவண்டி விண்ணப்பத்துக்கு வந்த அறிக்கையின் அடியில் உள்ள கையெழுத்தை வைத்துத் தாங்கள் ஆணா பெண்ணா என்று என் மகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் அதிகாரி என்றே போடச் சொன்னேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இளைய மகள் எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது, அழகுபடுத்தாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். "இதையுமாப்பா எழுதணும்?" என்கிறாள். இதையும்தான்.

என் மகன் விண்ணப்பம் போட்ட தேதியை அறிக்கையில் எண்ணாகப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு எண் மனசில் நிற்காது, நடந்தது நிற்கும். புதுப் பாலத்தைத் திறந்த அன்றைக்கே மூடினார்களே, அந்த வருஷம். எங்கள் குடியிருப்பில் கல்யாண மாப்பிள்ளை லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்ள, மணப்பெண் படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்ததும் அதே வருஷம்தான். அதோடு கெட்டுப்போன லிஃப்டு இன்று வரை ஓடவில்லை. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்ததும் அப்போதுதான். கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்த முகம் என் மகனுடைய கடைக்குட்டி, புதிதாகப் பிறந்த பேத்தி. அவளுக்கு ஒரு குணம். வண்டியில் போட்டுத் தள்ளினால் தூங்குவாள், தூக்கினால் விழித்துக்கொள்வாள். விழித்தால் கீழ்வீட்டுத் தையல்காரர் கத்திரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் மாடியேறி வந்து, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று அன்பாக விசாரிப்பார். கத்திரிக்கோலோடு விசாரிக்கிற அன்பை எத்தனை நாள்தான் தாங்குவது?

அதற்காகத்தான் என் மகன் இந்த இருக்கையைச் செய்தான். அவன் சக்கர நாற்காலி செய்கிற பட்டறையில் குழாய் வளைக்கிறவன். வளைத்து வளைத்து வலது தோள் போய்விட்டது, அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. ஆகவே எல்லாம் இடது கைக்கு. இருக்கைக்குக் கீழே ஒரு பிடி, அதை இழுத்தால் இரண்டு பக்கத்துக் கொக்கியும் ஒன்றாகக் கழன்று, இருக்கை மட்டும் அதன் சட்டத்தோடு வண்டியிலிருந்து கையோடு வந்துவிடும். தரையில் வைக்கப் போனால் மடங்கியிருந்த கால்கள் தானாக விரிந்து நிற்கும். பிள்ளை அசையாது. முதலாளி பார்த்துவிட்டு, "காப்புரிமை வந்தா வண்டிக்குன்னு தனிப் பிரிவு போடறேன், நீயே நின்னு பாத்துக்கோ. வரலைன்னா குழாய் மெஷினுக்கே போயிடு, என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கு இரண்டு தோளும் நன்றாக இருக்கின்றன. இன்னொரு வருஷம் அந்த மெஷினில் நின்றால் இடது தோளும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிலைமை இதுதான்.

அப்படி இருக்கும்போது தங்கள் அறிக்கை வந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்த முகவரே வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து விளக்கினார்.

"மூணு பழைய ஆவணம் காட்டியிருக்காங்க. ஒண்ணுல இருக்கை கழலுது. இன்னொண்ணுல இருக்கைக்குக் கால் இருக்கு. மூணாவதுல ஒத்தைக் கையால இழுக்கிற பிடி. இந்த மூணையும் சேர்த்துப் பார்க்கிறது, துறையில் தேர்ந்த ஆளுக்கு ஒண்ணும் பெரிய விஷயமில்லை, அதனால காப்புரிமை தர முடியாதுன்னு எழுதியிருக்காங்க."

நான்தான் கேட்டேன். "யாருப்பா அந்தத் தேர்ந்த ஆளு?"

"அப்படி ஒருத்தர் நிஜத்துல கிடையாதுங்க, பெரியவரே."

"இல்லாத ஆளு எப்படிப்பா என் மகன் செஞ்சதைப் பார்த்துச் சுலபம்னு சொன்னான்?"

"சட்டத்துக்காகக் கற்பனை பண்ணிக்கிற ஆளு. உலகத்துல வந்த அத்தனை ஆவணமும் அவருக்கு அத்துப்படி. ஆனா சொந்தமா, புதுசா எதையும் யோசிக்க மாட்டாரு."

"எங்க சம்பந்தி மாதிரியா?"

வாய் தவறி வந்துவிட்டது. மருமகள் அங்கேயே தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், செய்தித்தாளில் காணவில்லை விளம்பரத்தைக்கூட விடாமல் படிப்பவர். "எங்கப்பாவை ஏன் மாமா இதுல இழுக்கறீங்க?" என்று தட்டை வைத்தாள். வைத்த சத்தத்தில் பேத்தி விழித்தாள். தையல்காரரும் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அதிகாரி அவர்களே, எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னால் தங்கள் வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. உலகத்தில் எது புதுசு, எது பழசு என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஓர் ஆபீசும் நாற்காலியும் ஆளும் இருக்கிறது என்பது இத்தனை வயசுக்கு எனக்குத் தெரியாமல் போனதே. நான் ஆயுசு பூரா ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினவன். எல்லா வார்டும் எனக்குத் தெரியும், இப்படி ஒரு வார்டு இருப்பது தெரியாது. அங்கே தள்ளுவண்டிகள் நிஜமாகவே நிற்குமா, வெறும் படம்தானா? படத்தை மட்டும் பார்த்து, இது பிள்ளையை எழுப்பும், இது எழுப்பாது என்று எப்படிச் சொல்வீர்கள்? ஓய்வாக இருக்கும்போது பதில் போடுங்கள். அவசரமில்லை.

ஆனால் அந்த இல்லாத ஆளைப் பார்த்தே ஆகணும்னு எனக்கு ஒரு ஆசை பிடிச்சுக்கிச்சு. அப்படியே ஒருத்தன் இல்லாவிட்டாலும் அவன் சாயலில் யாராவது இருக்கணுமே. அதனால பழைய தள்ளுவண்டியில பேத்தியைத் தூங்கப் போட்டு, ஒவ்வொருத்தர்கிட்டயும் கொண்டுபோய் நிறுத்தி, "பிள்ளை முழிக்கக் கூடாது, மாடிக்குப் போகணும், லிஃப்டு இல்லை, என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டுப் பார்த்தேன். முதல்ல சம்பந்திகிட்டதான் போனேன், அவரை விட்டால் மருமகளுக்கு மனசு வருத்தம். அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு வெகுநேரம் யோசிச்சார். "பிள்ளையை எழுப்பிப் பழக்கணும். உங்க வீட்டுல எல்லாருக்குமே தூக்கம் ஜாஸ்தி"ன்னார். எதிர்வீட்டு நர்ஸம்மா, "மேல எதுக்குக் கொண்டுபோறீங்க? இங்கயே தூங்கட்டும், நீங்க ஒரு நாற்காலி போட்டுக் காவல் உக்காருங்க தாத்தா"ன்னாங்க. சைக்கிள் கடைக்காரர் வண்டியைச் சுத்தி வந்தார், சக்கரத்தை உருட்டிப் பார்த்தார், "வண்டியோட தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"ன்னு கேட்டார். யாரு தூக்கறதுன்னு கேட்டேன். அதுக்கு வேற ஆள் பாக்கணும்னார். ஒருத்தருக்கும் தோணலை பாருங்க. சைக்கிள் கடைக்காரருக்கு மட்டும் சந்தேகம் வந்துருச்சு. "பெருசு, நீ எதையோ வீட்டுல ஒளிச்சு வெச்சுக்கிட்டு எங்களைச் சோதிக்கிற. அதைக் கொண்டா பாப்போம்"னார்.

காட்டலாமான்னு முகவர்கிட்ட போன்ல கேட்டேன். விண்ணப்பம் போட்டாச்சு, தாராளமா காட்டலாம்னார். மறுநாள் காலையிலேயே மகன் செஞ்ச வண்டியில பேத்தியைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். சைக்கிள் கடை வாசல்ல இருந்து தெரு கொஞ்சம் சரிவா இறங்கி முடிவெட்டுற கடையில போய் முட்டும். அதை நான் யோசிக்கலை. கூட்டம் கூடிருச்சு, எனக்கும் கொஞ்சம் பெருமை ஏறிருச்சு. "எல்லாரும் பாத்துக்கோங்க"ன்னு பிடியை இழுத்தேன். அலுங்காம இருக்கை என் கைக்கு வந்துருச்சு, பிள்ளை அசையலை. எல்லாரும் பிள்ளை முகத்தையே குனிஞ்சு பார்த்தாங்க, நானும் பார்த்தேன். சக்கரத்தை ஒருத்தரும் பார்க்கலை. வெயில் மறைக்கிற கூடாரம் வண்டியோடவே நின்னுபோச்சு, அதனால தூரத்துல இருந்து பார்த்தா உள்ள பிள்ளை இருக்கிற மாதிரியே இருக்கும். வண்டி புறப்பட்டுருச்சு. பால் வாங்கிட்டு வந்த ஒரு அம்மா, "ஐயையோ, பிள்ளை போகுது!"ன்னு ஒரு கத்து கத்தினாங்க. அவ்வளவுதான், தெருவே ஓடுது. இப்பத்தான் என் கையில இருந்த பிள்ளையைத் தொட்டுப் பார்த்த சைக்கிள் கடைக்காரர் எல்லாருக்கும் முன்னால ஓடுறார். அதைவிட வெட்கக்கேடு, நானும் ஓடினேன். வண்டி ஓடினா என் கால் தானா ஓடும், பழக்கம் அப்படி. பிள்ளையை இருக்கையோட கையில வெச்சுக்கிட்டே, "பிடிங்க, பிடிங்க, பிள்ளை!"ன்னு கத்திக்கிட்டு ஓடறேன்.

வண்டி நேரா முடிவெட்டுற கடைக்குள்ள போய் நின்னுச்சு. பாதிக் கன்னம் சோப்பு நுரையோட ஒருத்தர் நாற்காலி மேல ஏறி நின்னுட்டார். முடிவெட்டுறவர் கூடாரத்துக்குள்ள தலையை விட்டுப் பார்த்துட்டு, நிமிர்ந்து, "பிள்ளை எங்கய்யா?"ன்னார். கூட்டம் அப்படியே உறைஞ்சு நிக்குது. பின்னாலேயே மூச்சு வாங்கிக்கிட்டு நான் வந்து சேர்ந்தேன். "இந்தாங்க"ன்னேன். அவ தூங்கிக்கிட்டுதான் இருந்தா. எல்லாரும் சேர்ந்து விட்ட பெருமூச்சுலதான் முழிச்சா.

சாயங்காலம் மகன் வந்து விஷயத்தைக் கேட்டான். வண்டி முன்னால குந்தி உக்காந்து சக்கரத்தை வெறும் விரலால உருட்டிக்கிட்டே இருந்தான். "இருக்கையைக் கழட்டினா சக்கரம் தானா பூட்டிக்கணும்பா. எனக்கு எப்படித் தோணாம போச்சு?"ன்னான். முகவர்கிட்ட கேட்டா, புதுசா எதையும் இந்த விண்ணப்பத்துல இனிமே நுழைக்க முடியாது, வேணும்னா தனியா இன்னொண்ணு போடுங்கன்னுட்டார்.

ஆகவே, அதிகாரி அவர்களே, என் வாதம் இதுதான், இதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன். துறையில் தேர்ந்த ஆளாக இருந்தால் பிரேக்கை மறந்திருப்பானா? எல்லா ஆவணமும் படித்தவன் அதைத்தான் முதலில் போட்டிருப்பான். என் மகன் மறந்துவிட்டான். அவன் படித்துச் செய்யவில்லை, போன தோளையும் தூங்குகிற பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவனே யோசித்துச் செய்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? அவன் இதை வேறெங்கும் கண்டதில்லை, யாரும் அவனுக்குக் காட்டியதும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தயவுசெய்து மறுபடி ஒருமுறை பார்த்து அவனை மெஷினிலிருந்து காப்பாற்ற வேண்டும். தங்கள் கண்ணும் தங்கள் நாற்காலியும் நெடுநாள் நன்றாக இருக்கட்டும். தங்கள் வீட்டுப் பிள்ளைகள் தூக்கினாலும் விழிக்காத பிள்ளைகளாக இருக்கட்டும் என்று வாழ்த்தி,

இப்படிக்கு,
விண்ணப்பதாரரின் தகப்பன்
(கைநாட்டு)

பின்குறிப்பு: மகள் மேலே உள்ளதைத் திரும்ப வாசித்துக் காட்டினாள். "யாரும் அவனுக்குக் காட்டியதும் இல்லை" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. பெண்கள் வார்டு கூரை ஒழுகி, கட்டில்களையெல்லாம் வராந்தாவுக்குத் தள்ளினோமே, அந்த வருஷம். என் மச்சான், என் வீட்டுக்காரியுடைய அண்ணன், அதே ஆஸ்பத்திரியில் கட்டில் ரிப்பேர் பார்த்தவர். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதே என்று ஒழுகின வார்டிலிருந்து ஒடிந்த கட்டில் குழாயும், சலைன் பாட்டில் தொங்கவிடுகிற கம்பத்தின் சக்கரமும் எடுத்து ஒரு தள்ளுவண்டி செய்துகொண்டு வந்தார். அடியில் ஒரு கயிறு. இழுத்தால் இருக்கை கழன்று வரும், கீழே வைத்தால் கால் விரியும். என் வீட்டுக்காரி ஒரு கையால் அதைத் தூக்கி அடுப்படியில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் குழம்பு கிண்டுவாள். தங்கள் மூன்று ஆவணமும் ஒரே வண்டியில் இருந்தது. சக்கரம் காணோம் என்று தேடிக்கொண்டு ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் பிள்ளை தூங்குவதைப் பார்த்து, விழிக்கும் வரை உட்கார்ந்திருந்து, பிறகுதான் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். யாரும் இதை எழுதி வைக்கவில்லை, அதனால்தான் தங்களுக்கு அகப்படவில்லை.

மகள் பேனாவை மூடிவிட்டாள். "அண்ணன் பொழைப்புப்பா இது. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்தக் காப்புரிமை ஆபீசுக்காரர்களுக்கு வேலையே இதைத் தேடுவதுதானே, இவர்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? எழுது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதுகிறாள். தூங்கிக்கொண்டே அதில் கிடந்த பிள்ளை அதைக் கண்டதாகக் கணக்கா, காணாததாகக் கணக்கா? சட்டத்தில் அதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். தலைமை நர்ஸம்மா அவருக்கும் முன்னாலேயே போய்விட்டார். ஒரு கையால் தூக்கினவளும் போய்விட்டாள். என்னை விட்டால் அந்த வண்டியை அறிந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அதில் படுத்துத் தூங்கினவன் ஒருவன்தான். அவன் பெயர் தங்கள் மேசையில் இருக்கும் விண்ணப்பத்தின் முதல் வரியில் இருக்கிறது.