ஹெல்மெட் அண்ணையின் மஞ்சள் வண்டு

இத்தாலியின் பலேர்மோவில் தமிழர் ஒருவர்கூட இதுவரை விழுந்தோ நசுங்கியோ சாகவில்லை என்றால், அதற்கு முழுக் காரணமும் ஹெல்மெட் அண்ணைதான். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார்.

துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை அவருக்கு. அங்கே நடந்த இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு மனிதரின் தலையில் ஏறிவிட்டது. கல்யாணத்துக்கு வந்தால் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் மணவறைத் தூணை ஆட்டிப் பார்ப்பார். என் வீட்டுக்கு வந்தால் காஸ் குழாயில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் தேநீரைத் தொடுவார். பல்லரோ சந்தையின் பழைய பல்கனிகளுக்குக் கீழே மஞ்சள் ஹெல்மெட் போட்டுத்தான் நடப்பார். மீன்காரர்கள் அவரை அதிகாரி என்று நினைத்துப் பெட்டிகளை அவசரமாக உள்ளே இழுப்பார்கள். அவரும் மறுக்காமல் தலையாட்டிவிட்டுப் போவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ட்ரோன் வாங்கினார். கல்யாண வீடியோ எடுக்கவா என்று கேட்டேன்.

“இல்லைத் தங்கச்சி. வன்னியிலை எங்கட பள்ளிக்கூடத் தண்ணித் தாங்கியைப் பாக்க என்ரை தம்பிதான் ஏறுறவன். ஏணி துருப்பிடிச்சுப் போச்சு. இனி இது ஏறட்டும்.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் சாப்பாடு. அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் ட்ரோனை எழுப்பினார். இரைச்சல் கேட்டதுதான் தெரியும், நான் மேசைக்குக் கீழே கிடந்தேன், கையில் வடை. போர்க்காலத்தில் வன்னியில் எங்கள் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை வண்டு என்போம். அது இரைந்தால் பின்னாலேயே செல் குண்டு வந்து விழும். வன்னிச் சனம் முழுவதும் தரையில் குப்புற. வண்டுக்குக் கீழே வாழ்ந்திராத மன்னார்க்காரர்கள் தட்டோடு நின்று பார்த்தார்கள். நாங்கள் ஜெபிக்கிறோம் என்று எண்ணி இத்தாலியப் பாதிரியாரும் முழந்தாளிட்டார்.

தலையைத் திருப்பினால், பக்கத்தில் ஹெல்மெட் அண்ணையும் கிடக்கிறார்.

“அண்ணை, அப்ப அதை ஆர் ஓட்டுறது?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை.”

எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

“இஞ்சையே இப்பிடியெண்டால், அங்கை சனம் என்ன செய்யும்?”

அடுத்த வாரம் வண்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரிடமாகப் போய், இப்போது எழுப்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுப்பினார். ஞாயிறு தவறாமல் இதே வேலை. முதல் ஞாயிறு மேசையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அடுத்ததில் நாற்காலியில் இருந்தேன். நான்காவது ஞாயிறு நின்றபடியே வடையைத் தின்று முடித்தேன். பழக்கியது ட்ரோனை அல்ல, எங்களைத்தான்.

பிறகு லீவு போட்டு ஊருக்குப் போனார். அனுமதி வாங்கி, வீடு வீடாகச் சொல்லி, பறக்கவிட்ட வீடியோவை எனக்கு அனுப்பினார். தாங்கியின் உச்சியில் கை நுழையும் அளவு வெடிப்பு. ஏணியின் மேல் படிகள் சுவரை விட்டுக் கழன்று தொங்கின. கீழே தம்பி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நிற்கிறார். சுற்றிவர ஊர்ச்சனம், ஒருவரும் படுக்கவில்லை. அதைப் பார்த்து நான் அழுதேன்.

அண்ணை இப்போது வேலைக்காக வட இத்தாலிக்குப் போய்விட்டார். வானத்தில் ஏதாவது இரைந்தால் இன்றைக்கும் நெஞ்சு ஒருமுறை திடுக்கிடும். ஆனால் குனிவதில்லை, மஞ்சளாக இருக்குமோ என்று ஆசையோடு நிமிர்ந்து பார்க்கிறேன்.