சொந்த ஜெனரேட்டர், சொந்த நாற்காலி

இனிமேல் செத்தாலும் சகலை வீட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார மாட்டேன் என்று முடிவு எடுத்துவிட்டேன்.

என் மனைவியின் அக்காவைக் கட்டிய அந்தப் புண்ணியவான் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறார். ஒரு ஜெனரேட்டர் வாங்கினாலும் வாங்கினார், தெருவுக்கே சூரியன் அவர்தான் என்கிற நினைப்பு வந்துவிட்டது. கரண்ட் போனால் என் மனைவி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நானும் வால் பிடித்துக்கொண்டு போவேன்.

"வாங்க சகலை, உக்காருங்க. நல்லா காத்து வாங்குங்க. நம்ம ஃபேன்தான்."

நம்ம ஃபேனாம். போன தடவை மேட்ச் கடைசி ஓவர். ஆறு ரன் வேண்டும். நான் நாற்காலி நுனியில் இருக்கிறேன். மனுஷன் ரிமோட்டை எடுத்தார், செய்திக்கு மாற்றினார், கால் மேல் கால் போட்டுக்கொண்டார். யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள் டீக்கடையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது. அடுத்த மேட்ச் இறுதி ஆட்டம். அதை என் வீட்டில், என் நாற்காலியில், என் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்காவிட்டால் நான் மனுஷனே இல்லை.

"நாளைக்கே ஜெனரேட்டர் வாங்குறேன்" என்றேன் மனைவியிடம்.

"சரிங்க. குறிச்சுக்கிட்டேன்."

என் மனைவி மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் பிரிவில் இருக்கிறாள். கரண்ட் போனால் ஊரே ஃபோன் போட்டு அவளைத் திட்டும். அவளுக்குக் கோபமே வராது. குறிச்சுக்கிட்டேன், ஆள் அனுப்புறோம், காத்திருங்க. இந்த மூன்றையும் வைத்தே காலம் தள்ளுகிறாள். என்னிடமும் அதே மூன்றுதான்.

"குறிச்சுக்கறதுக்கு நான் என்ன ஊர்க்காரனா? உன் புருஷன்."

"ஊர்க்காரங்க ஒரு தடவை சொல்லிட்டு வச்சிருவாங்க."

கடைக்குப் போனோம். இருப்பதிலேயே பெரிய மிஷின் முன்னால் போய் நின்றேன். அதை வைத்து ஒரு சினிமா தியேட்டரையே நடத்தலாம்.

"எதெல்லாம் ஓடணும்?" என்று மனைவி கேட்டாள்.

"எல்லாம்."

"வாஷிங் மெஷினுமா?"

"எல்லாம்னா எல்லாம்தான்."

"கரண்ட் போன நேரத்துல துணி துவைக்கப் போறது யாரு?"

யோசித்துப் பார்த்தேன். நான்தான். "வாஷிங் மெஷின் வேணாம்" என்றேன்.

"அயர்ன் பாக்ஸ்?"

அதுவும் நான்தான். அதுவும் வேண்டாம். இப்படியே ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் ஃப்ரிட்ஜ், ரெண்டு ஃபேன், கொஞ்சம் லைட், டிவி மட்டும் மிஞ்சின. ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும், அதற்கும் சேர்த்து இடம் வைத்துத்தான் மிஷின் எடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். நடுத்தரமான ஒன்றைக் காட்டினார். சகலை வீட்டு மிஷின் எப்படி இருக்கும் என்று சொல்லி, கடைக்காரர் காதோரம் கேட்டேன், "இது அதைவிடப் பெருசா?"

"ஒரு சுத்து பெருசு சார்."

போதும். வாங்கிவிட்டேன்.

அடுத்த போர் அதை எங்கே வைப்பது என்பதில். பின்பக்கம் துணி துவைக்கும் இடம் இருக்கிறது. மூன்று பக்கம் சுவர், மேலே கூரை, சமையலறையை ஒட்டினாற்போல ஒரு ஜன்னல். மழை படாது, திருடன் வரமாட்டான். அதற்காகவே கட்டிய இடம் மாதிரி இருந்தது.

"அங்க வேணாங்க. புகை உள்ள வரும்."

"ஜன்னலைத் தெறந்து வச்சாப் போச்சு."

"பத்தாது. அந்தப் புகையில ஒரு வாயு இருக்கு. அதுக்கு வாடையும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"என்னமோ நேர்ல பார்த்த மாதிரி சொல்ற."

"போன மழைக்கு ஒரு அம்மா, வெளிய போயிட்டு அப்பத்தான் வீட்டுக்கு வந்தவங்க, ஃபோன் பண்ணாங்க. கரண்ட் வந்துருச்சும்மா, உள்ள மிஷின் ஓடிட்டிருக்கு, எங்க வீட்டுல யாரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்கன்னு அழுதாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பொழைக்க வச்சாங்க. அன்னைக்கு மட்டும் என்னால குறிச்சுக்கிட்டேன்னு சொல்ல முடியல."

மிஷின் காம்பவுண்டு மூலைக்குப் போனது. எங்கள் ஜன்னலுக்கும் தூரம், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் தூரம். புகைக்குழாய் யார் வீட்டையும் பார்க்காமல் திரும்பி நின்றது. நாலு கால் நட்டு மேலே தகரம் போட்டோம். சுவர் கிடையாது.

இடத்தில் தோற்றாலும் இணைப்பில் விடுவதாக இல்லை. ராத்திரி பகலாக யோசித்து நானே ஒரு ஒயர் தயார் பண்ணினேன். ரெண்டு முனையிலும் பிளக். ஒரு முனையை மிஷினில் செருகு, மறுமுனையைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் செருகு, வீடு பூரா வெளிச்சம். இவ்வளவு சுலபமான விஷயம் உலகத்தில் வேறு யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போனாள். கத்தரிக்கோலோடு வந்து நடுவில் ஒரே வெட்டு.

"ஏன்டி வெட்டின?"

"கையில பிடிச்ச பிளக் கம்பியிலேயே ஷாக் அடிக்கும், அது ஒண்ணு. இன்னொண்ணு, இந்தக் கரண்ட் நம்ம வீட்டோட நிக்காது. வெளிக்கம்பிக்கும் ஏறும். அந்த நேரத்துல கம்பத்து மேல யார் நிப்பா?"

அவள் தம்பி நிற்பான். என் மச்சான் லைன்மேன்.

"உங்களுக்கும் என் தம்பிக்கும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குன்னு இப்படியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய் ரெண்டு மழைக்காலம் ஆகிறது. ஆனாலும் அந்த அளவுக்கு நான் நினைத்ததில்லை.

"கடை வச்சு ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விக்கிறீங்க. இது உங்க கண்ணுக்குத் தெரியலையே" என்று முடித்தாள். எலக்ட்ரீஷியன் வந்தார். வெளி லைனைத் துண்டித்துவிட்டு மிஷின் லைனை மட்டும் வீட்டுக்குக் கொடுக்கிற சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

"இதை யாரு பார்த்துக்கறது?" என்றாள் மனைவி.

"நான்தான். என் மிஷின். வேற யாரும் கிட்ட வரக்கூடாது."

"சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்தக்கூடாது. நிறுத்தி, ஆறவிட்டு, அப்புறம்தான்."

"தெரியும்."

"ஓடும்போது விட்டுட்டு வந்துரக்கூடாது. தெருப்பிள்ளைங்க கை வச்சுட்டா சுட்டுரும்."

"தெரியும்னு சொல்றேன்ல. கடைசி வரைக்கும் நானே நிப்பேன்."

"சரிங்க. குறிச்சுக்கிட்டேன்."

இறுதி ஆட்டத்து நாளும் வந்தது. மத்தியானத்திலிருந்தே காற்று, மழை. கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மனுஷன் ஊரில் நானாகத்தான் இருப்பேன். டாஸ் போட்டார்கள். கரண்ட் போனது. தெருவே "ஐயோ" என்றது. நான் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பில் இருமியது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடிச் சுவிட்சைத் திருப்பினேன். லைட் வந்தது, ஃபேன் வந்தது, டிவியும் வந்தது. நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் காற்றின் சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

ஒரு ஓவர் முடிவதற்குள் கேட் சத்தம். சகலையும் அவர் சம்சாரமும். கையில் ஆளுக்கொரு தலையணை. அவர் மிஷின் மண்டையைப் போட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சு நிறைந்துபோனது.

"வாங்க சகலை" என்றேன். "உக்காருங்க. நல்லா காத்து வாங்குங்க. நம்ம ஃபேன்தான்."

சொன்ன பெருமையில் எழுந்து என் நாற்காலியையே கொடுத்துவிட்டேன். அவரும் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்தார். ரிமோட்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, மிஷின் சத்தம் மாறுதே" என்றாள் மனைவி.

ஓடினேன். டேங்க் காலி. வாரம் பூரா சகலை தெருவில் போகும்போதெல்லாம் ஓட்டிக் காட்டியதில் தீர்ந்திருக்கிறது. நிறுத்தினேன். வீடு இருண்டது.

"சகலை, பந்து மேல போயிருக்கு, பிடிச்சானா இல்லையா தெரியல" என்று உள்ளேயிருந்து குரல்.

"ஆறணும்" என்று கத்தினேன்.

மழைச் சாரல் முதுகில் அடிக்கத் தகரத்துக்குக் கீழே காத்திருந்தேன். ஆறியது, ஊற்றினேன், கிளப்பினேன். உள்ளே போகலாம் என்று திரும்பினால் மனைவி குடையோடு நிற்கிறாள். இன்னொரு கையில் ஸ்டூல், அதன் மேல் ரெயின்கோட்டு.

"விட்டுட்டு வரக்கூடாதுன்னு பேசினோம்ல."

பேசினோம்தான். உட்கார்ந்தேன். உள்ளே ஒரே கைதட்டல். யாரோ அவுட். யார் என்று கேட்டால் மிஷின் சத்தத்தில் எவர் காதிலும் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என்ன இருந்தாலும் சகலை என் கரண்டில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒரு நினைப்பில்தான் குளிரைத் தாங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் மனைவி டீ கொண்டுவந்தாள்.

"பாவம், அவர் மிஷின் எப்ப கெட்டுச்சு?" என்றேன், சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு.

"அது நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் இங்க வந்தாங்க?"

"ஓடும்போது பக்கத்துல ஆள் இருக்கணும்னு அக்காகிட்டயும் சொன்னேன். அத்தான் மழையில வெளிய உக்கார முடியாதுன்னுட்டாராம். அக்கா ஃபோன்ல புலம்பினா. நான்தான் இங்க வரச் சொன்னேன்."

டீயை என் கையில் கொடுத்தாள்.

"நம்ம வீட்டுலதான் நீங்க இருக்கீங்களே."