எட்டுக் கம்ப்யூட்டருக்கு நான் எடுத்த எஃப்.சி.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் என் லாரி ஒன்றுகூட எஃப்.சி. (ஓடத் தகுதி என்கிற சான்று) பரிசோதனையில் தோற்றதில்லை. அந்தத் திமிர்தான் மருமகள் கவிதாவின் கம்ப்யூட்டர் சென்டரைக் கவிழ்த்தது என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

கோவை வேலையை விட்டுவிட்டு, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் அவள் தொடங்கிய பயிற்சி சென்டர். மேஜைமேல் எட்டுத் திரை இருக்கும். நிஜக் கம்ப்யூட்டரோ மூலையில் ஒன்றே ஒன்று. திரைகளில் தெரிவதெல்லாம் அதற்குள் ஓடும் கற்பனைக் கம்ப்யூட்டர்கள் ('விர்ச்சுவல் மெஷின்' என்பாள்).

"எட்டும் பெரிய பொட்டியில இருக்கிற ஒரே ஃபோல்டர்ல இருந்துதானுங்க மாமா எந்திரிக்குது. தனித்தனியா எதுவும் கிடையாது."

"இதென்ன கண்ணு பிரமாதம்!" என்றேன். (ஒரு மண்ணும் புரியவில்லை.)

அங்கீகாரம் கொடுக்க அதிகாரி வருகிற நாள். அது கிடைக்காவிட்டால் கவிதா மறுபடி கோவைக்கு பஸ் ஏறவேண்டியதுதான். அவள் அதிகாரியை எதிர்பார்த்து வாசலுக்குப் போன நேரம், என் எஃப்.சி. மூளை விழித்துக்கொண்டது. லாரியைச் சோதனைக்கு விடுமுன் வேண்டாத பாரத்தையெல்லாம் இறக்கிவிடுவது என் வழக்கம். முதல் திரைமுன் உட்கார்ந்தேன். (பணம் போட்ட ஓனருக்கே பாஸ்வேர்ட் இல்லையா என்று சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தேன்.) வாயில் நுழையாத பெயரோடு குண்டு குண்டாய் நாலு ஃபைல். அழித்தேன். ஒன்றும் ஆகவில்லை. நான் என்ன மடையனா? ஒன்றில்தானே கைவைத்தேன், கெட்டாலும் ஏழு பாக்கி இருக்கிறதே!

அதிகாரியம்மா வந்தார். எட்டும் ஜம்மென்று ஓடின. "கொள்ளாமல்லோ!" என்று மலையாளத்தில் மெச்சினார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"இது என்னங்க மேடம்! எட்டையும் அமத்திப் போட்டா எந்திரிக்கிற வேகத்தைப் பாக்கோணும் நீங்க" என்று, கவிதா தடுக்குமுன் எட்டையும் நானே ரீஸ்டார்ட் செய்தேன்.

எட்டுத் திரையும் கறுத்தன. ஒன்றுகூட எழவில்லை.

"மாமா, எதையாச்சும் அழிச்சீங்களா?"

"மொத மெஷின்ல மட்டுந்தான் கண்ணு..."

"அந்த ஃபோல்டர் எட்டுக்கும் ஒண்ணுதானுங்களே!" அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். சரிசெய்ய ஒரு நாள் ஆகுமாம்.

"சாரமில்ல மோளே, அடுத்த மாசம் வராம்" என்று கவிதாவைத் தேற்றி, மறுபடி வருவதாகச் சொன்னார் அதிகாரியம்மா. பிறகு என்னைப் பார்த்து, "ஆனா இந்தக் காரணவர்..." என்று (குடும்பத்துப் பெரியவராம், நான்தான்) இழுத்தவர், வாக்கியத்தை முடிக்காமலே ஜீப்பில் ஏறினார்.

அடுத்த மாதம் அவர் வருகிற காலையில், என் மனைவி என் கையில் ஒரு பையைத் திணித்தாள். "ஏனுங்க, கொழிஞ்சாம்பாறை போயிக் கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

"நம்மூருலயே கெடைக்குதே?"

"அங்கதான் நல்லா இருக்குது. அவசரமில்ல, மெதுவா வாங்க."

திரும்பி வந்தபோது சென்டருக்கு அங்கீகாரம் கிடைத்திருந்தது.

இப்போது பேத்தியைப் பெண் பார்க்க வந்தாலும் சரி, மாட்டு டாக்டர் வந்தாலும் சரி, வீடே ஒரே குரலில் "கொத்தமல்லி!" என்கிறது. நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் என்னைவிட நல்ல கொத்தமல்லி பொறுக்குபவன் எவனாவது இருந்தால் வரச்சொல்லுங்கள், பார்க்கலாம்.